சாம்பிராணி முதல் சிப்காட் வரை: கைக்குழந்தை வீட்டுக் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்து வாசகர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பற்றியவை. ஆலைப் புகை, நிலத்தடி நீர் என்று வெளியிலிருந்து வருவதற்குப் பயப்படுகிறோம். பயப்படவும் வேண்டும். ஆனால் பிள்ளைக்கென்றே ஆசையாக வீட்டுக்குள் செய்கிற சில காரியங்கள் அதைவிட நெருக்கமான ஆபத்து. அதனால் பதில்களை அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கேள்வி: பையனுக்கு மூன்று மாதம். வாரம் இரண்டு நாள் தலைக்கு ஊற்றிவிட்டு மாமியார் சாம்பிராணி போடுகிறார். தணலுக்கு மேல் கூடையைக் கவிழ்த்து அதன் மேலேயே பிள்ளையைப் பிடிக்கிறார். ராத்திரி கொசுவத்தி. நாலைந்து நாளாக மூக்கடைப்பு, பால் குடிக்கத் திணறுகிறான். பெரியவரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, முதலியார்பேட்டை

பதில்: பால் குடிக்கத் திணறுகிற பிள்ளையை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அவன் அமைதியாகத் தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதம் முடிந்த பிள்ளைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமூச்சு. இரண்டு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு 60. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது என்றால் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வெறும் மூக்கடைப்புதான் என்றால், பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன் ஒவ்வொரு மூக்கிலும் ஒரு சொட்டு சலைன் சொட்டுமருந்து போதும்.

தலையில் ஈரம் தங்கக்கூடாது என்று உங்கள் மாமியார் நினைப்பது சரிதான். ஆனால் அந்த ஈரத்தை எடுப்பது தணலின் சூடு. புகைக்கு அதில் வேலை இல்லை. மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்து, இன்னொரு உலர்ந்த துண்டைத் தலையில் சுற்றிச் சிறிது நேரம் மடியில் வைத்திருந்தால் மூன்று மாதப் பிள்ளையின் தலை காய்ந்துவிடும். இந்தக் காரணத்தைச் சொல்லி, துண்டை அவர் கையிலேயே கொடுத்துத் துவட்டச் சொல்லுங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பொறுப்பு அவரிடமே இருக்கட்டும். பெரும்பாலான வீடுகளில் பேச்சு முற்றாமல் இருக்க இதுவே வழி.

சாம்பிராணிப் புகையில் என்ன இருக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அடியில் எரிவது கரி. முழுதாக எரியாத கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மேலே போடுகிற பொடியிலிருந்து நுண்துகள் எழும்புகிறது. பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விட்டால், கைக்குழந்தை 30 முதல் 60 தடவை விடுகிறது. உடல் எடைக்குக் கணக்கிட்டால் ஒரே அறையில் நம்மைவிடப் பிள்ளைதான் அதிகப் புகையை இழுக்கிறது. கடையில் விற்கும் கப் சாம்பிராணியும் இதேதான். கப்பே கரித்தூளால் ஆனது. வெள்ளிக்கிழமை பூஜையறையில் போடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை வேறு அறையில், கதவு சாத்தி இருக்கட்டும். புகை கலைந்து ஜன்னல் வழியே வெளியேறிய பிறகு தூக்கி வாருங்கள்.

கொசுவத்தி அதைவிடக் கடுமை, ஏனென்றால் அது ராத்திரி முழுக்க எரிகிறது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதை மூடிய அறையில் ஏற்றிவைத்து, பக்கத்திலேயே பிள்ளையைப் படுக்கவைக்கிறோம். மாற்று கொசுவலைதான். கைக்குழந்தைக்குக் குடைவலை போதும், ஆனால் விளிம்பு பாயில் எல்லாப் பக்கமும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலை தூக்கியிருந்தால் உள்ளே போன கொசு வெளியே வர வழியில்லாமல் பிள்ளையையே கடிக்கும். பெரியவர்களோடு படுக்கும் பிள்ளைக்குப் பெரிய வலை கட்டி, மெத்தைக்கடியில் செருகுங்கள். பகலிலும் வலை வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது.

ஜன்னலுக்கு நைலான் வலை அடியுங்கள், பொழுது சாயும் முன்பே கதவைச் சாத்துங்கள். மின்விசிறிக் காற்றில் கொசுவால் நிலையாகப் பறக்க முடியாது. செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் வலைத்துணி கட்டுங்கள். தெருவில் பலர் மறக்கிற இடம் அதுதான். ஃபிரிட்ஜ் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மூடாத சிமென்ட் தொட்டி மூன்றையும் வாரம் ஒரு நாள் காலி செய்து தேயுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு தடவை என்பது கணக்கு.

திரவக் கொசுவிரட்டி புகை விடாது என்றாலும் பூச்சிமருந்தைத்தான் காற்றில் கலக்கிறது. வேறு வழியே இல்லாத நாளில், பிள்ளை இல்லாத அறையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, காற்றோட்டம் விட்டபின் படுக்கவையுங்கள். அதன் குப்பியில் கற்பூரமும் வேப்பெண்ணெயும் கலந்து ஊற்றுகிற கைவைத்தியம் வேண்டாம். பூச்சிமருந்துப் பதிவு எண் அச்சிடாத கொசு ஊதுபத்தியைக் காசில்லாமல் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கொசுவிரட்டி கிரீம் எதையும் இரண்டு மாதத்துக்குள் தடவக்கூடாது.

கேள்வி: பிரசவத்துக்கு முன்பே அம்மா பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து, பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தார். அதைத்தான் பிள்ளைக்குச் சுற்றுகிறோம். பிறந்து பத்து நாள் ஆகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது. இளவெயிலில் காட்டினால் போதும் என்கிறார்கள்.
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: போதாது. நாளைக்கு என்று தள்ளவும் வேண்டாம்.

அந்துருண்டை என்பது நாப்தலின். ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள பிள்ளையின் உடலில் அது போனால் சிவப்பணுக்கள் உடைகின்றன. உடைந்த அணுவிலிருந்து வரும் பிலிரூபின் மஞ்சளைக் கூட்டுகிறது. மிக அதிகமானால் மூளையைப் பாதிக்கும். இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம் அதிகம். வாயில் போட்டால்தான் ஆபத்து என்பதில்லை. துணியில் ஏறிய ஆவி மூச்சிலும் போகும், தோல் வழியாகவும் போகும். நாப்தலின் எண்ணெயில் கரைவது. எண்ணெய் தேய்த்த உடம்பில் அந்தத் துணியைச் சுற்றினால் உள்ளே போவது இன்னும் கூடும். நம் வீடுகளில் எண்ணெய் தேய்க்காத நாள் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

இன்றே பிலிரூபின் அளவு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஜி6பிடி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்துருண்டைத் துணியைப் பயன்படுத்தினோம் என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டால்தான் சொல்வோம் என்று இருக்காதீர்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் மஞ்சள் இறங்கியிருந்தாலோ, பிள்ளை சோர்ந்து பால் இழுக்காமல் இருந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ ராத்திரியானாலும் போக வேண்டும்.

அந்தத் துணிகளை ஒதுக்கிவிட்டு, அந்துருண்டை படாத புதுத் துணிக்கு மாறுங்கள். மற்ற துணிகளைச் சோப்பு போட்டு இரண்டு தடவை துவைத்து, வெயிலில் பல நாள் உலர்த்தி, முகர்ந்து பார்த்து வாடையே இல்லை என்றால் மட்டும் பெரியவர்கள் பயன்படுத்தலாம். பீரோவுக்கு, காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

கேள்வி: நாங்கள் பண்ருட்டிப் பக்கம். வீட்டுத் திண்ணையிலேயே முந்திரி உடைக்கிறோம். என் கை முழுக்கக் கறை, தோல் உரிகிறது. ஏழு மாதப் பெண் குழந்தையைத் தூக்கினால் அவள் கன்னத்தில் சிவந்து கொப்புளம் வருகிறது. உடைத்த ஓட்டைத்தான் வெந்நீர் அடுப்புக்குப் போடுகிறோம்.
– வாசகி

பதில்: முந்திரி ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உண்டு. உங்கள் தோலை உரிப்பதும் குழந்தையின் கன்னத்தைப் பொசுக்குவதும் அவைதான். வறுத்தோ அவித்தோ உடைத்தாலும் ஓட்டில் எண்ணெய் மிச்சம் இருக்கும்.

இது தண்ணீரில் போகாத எண்ணெய். நேரே தண்ணீரை ஊற்றினால் கையெல்லாம் பரவுமே தவிர இறங்காது. உடைக்க உட்காருவதற்கு முன் கையில் ஆமணக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ நன்றாகத் தடவிக்கொள்ளுங்கள். ரப்பர் கையுறை போட முடிந்தால் இன்னும் நல்லது. எழுந்ததும் முதலில் தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்து, பழந்துணியால் துடைத்து எறியுங்கள். அதன்பிறகு சோப்பு. இந்த இரண்டையும் இன்னொரு சுற்று செய்து, நகக்கண்ணை பிரஷ்ஷால் தேயுங்கள். எண்ணெய் நகக்கண்ணிலும் மோதிரத்துக்கு அடியிலும் தங்கிக்கொண்டு, பால் கொடுக்கும்போது குழந்தையின் வாயோரம் படுகிறது. வேலைக்கென்று ஒரு பழைய சட்டையைப் புடவைக்கு மேல் போட்டு, பிள்ளையைத் தூக்கும் முன் கழற்றுங்கள். முந்தானையில் கை துடைக்கிற பழக்கம் இருந்தால், அதே முந்தானையால்தான் பிள்ளையின் வாயையும் துடைக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் சட்டையைப் பிள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைக்கக்கூடாது.

குழந்தையின் தோலில் பட்டுவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம். கொப்புளத்தை உடைக்கவோ, மஞ்சள் பூசவோ வேண்டாம்.

அவள் ஏழு மாதம், இன்னும் கொஞ்ச நாளில் தவழுவாள். திண்ணையில் சிதறிய ஓட்டுத் துண்டும் உடையாத கொட்டையும் முதலில் அவள் வாய்க்குத்தான் போகும். உடைக்கும் இடத்தைச் சாக்கு விரித்து எல்லை கட்டி, முடிந்ததும் சாக்கோடு மடித்துத் தூக்கிவிடுங்கள். பருப்பு நல்ல உணவுதான். பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். முழுப் பருப்போ பாதிப் பருப்போ ஐந்து வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். சிக்கி மூச்சு திணறினால், ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளையை உங்கள் முன்கையில் தலை தாழ்த்திக் குப்புறப் போட்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு விரலால் ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

ஓடு எரிகிற புகை நெடியடிக்கிற கரும்புகை. வீட்டுக்குள் இருக்கிற அடுப்பில் அது வேண்டவே வேண்டாம். குழந்தைக்கான வெந்நீரைக் கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அரை வாளிக்கு அதிகச் செலவில்லை.

கேள்வி: குடிகாடு பக்கம் இருக்கிறோம். சில ராத்திரிகளில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து நெடி தாங்க முடிவதில்லை. எட்டு மாதப் பிள்ளை இருமுகிறது. காற்று சுத்திகரிக்கிற மெஷின் வாங்கலாமா?

பதில்: வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹெப்பா வடிகட்டி தூசியையும் புகைத்துகளையும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. நெடி என்பது வாயு. அதற்குக் கனமான கரி வடிகட்டி வேண்டும், அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும்.

நம் கடற்கரையில் பகலில் காற்று கடலிலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து வரும். ராத்திரியில் தரைப்பக்கமிருந்து மெதுவாக வீசும், பல நாள் அசையாமலே நிற்கும். அசையாத காற்றில் நெடி தரையோடு தேங்கும். அதனால் நெடி வருகிற நேரம் பிள்ளையை ஆலைக்கு எதிர்ப்பக்க அறையில் வைத்து ஜன்னலைச் சாத்துங்கள். நெடி போனதும் எல்லாவற்றையும் திறந்து காற்றை மாற்றுங்கள். சாத்திய அறைக்குள் ஊதுபத்தி, கொசுவத்தி ஏற்றினால் சாத்தியதே வீண். தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், காற்று வந்த திசை, எந்த மாதிரி நெடி, பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். கடலூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஆட்சியரின் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கும், தெருவில் நாலு வீட்டுக் குறிப்பை ஒன்றாகச் சேர்த்துக் கொடுங்கள். ‘அடிக்கடி நாறுகிறது’ என்ற மனுவைத் தள்ளிவிடுவது எளிது. தேதி, மணி, காற்றுத் திசை போட்ட மனுவுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளையின் நுரையீரலைப் பெற்றோர் மட்டும் ஜன்னல் சாத்திக் காப்பாற்றிவிட முடியாது.

கேள்வி: பாகூர் பக்கத்தில் போர் தண்ணீர்தான். நன்றாகக் கொதிக்கவைத்து நாலு மாதப் பிள்ளைக்குப் பால்பவுடர் கலக்குகிறேன். வெயில் காலத்தில் தனியாகத் தண்ணீரும் கொடுக்கிறேன். சரிதானே?

பதில்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் நைட்ரேட்டும் போகாது; தண்ணீர் வற்ற வற்ற அவை செறிவாகும். வயலுக்குப் போடுகிற யூரியாவும் கிணற்றுக்கு அருகிலுள்ள செப்டிக் டேங்கும்தான் நைட்ரேட் வருகிற வழி. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தர எல்லை. அது மிஞ்சினால் ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரித்துச் சாம்பல் நிறமாகும். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து நைட்ரேட் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் சொல்லும், நைட்ரேட்டைத் தனியாகக் காட்டாது. முடிவு வரும்வரை ஐஎஸ்ஐ முத்திரை உள்ள கேன் தண்ணீரையோ, பராமரிப்பில் உள்ள ஆர்ஓ தண்ணீரையோ கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள்.

பவுடர் கலக்க, கொதித்த நீர் அரை மணி நேரத்துக்கு மேல் ஆறியிருக்கக் கூடாது. 70 டிகிரிக்குக் குறையாத சூடு இருந்தால்தான் பவுடரில் உள்ள கிருமி சாகும். கலந்தபின் பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். டின்னில் போட்டிருக்கிற அளவில் தண்ணீரைக் கூட்டாதீர்கள். ஆறு மாதம் வரை அக்னி நட்சத்திரத்திலும் தனித் தண்ணீர் தேவையில்லை, பாலிலேயே இருக்கிறது. தாய்ப்பால் இருந்தால் அதைக் கூட்டப் பாருங்கள், இந்தத் தண்ணீர்க் கவலையே குறையும்.

கேள்வி: குளிப்பாட்டும் அம்மா மூக்கில், காதில் எண்ணெய் விட்டு ஊதுகிறார். வசம்பு சுட்டு உரசி நாக்கில் தடவுகிறார். கண்மையும் உண்டு.

பதில்: மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி, மருந்துக்கு எளிதில் மசியாத நிமோனியாவைத் தரும். எண்ணெய் உடம்போடு நிற்கட்டும். ஊதுகிறவரின் வாய்க் கிருமியும் மூக்குக்குள் போகிறது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை உள்ளது. கையில் கட்டுகிற வசம்பு வளையலும் ஊறி உதிர்ந்து தொண்டையில் சிக்கும். கடைக் கண்மைகளில், சுர்மாவில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் வைத்தால் வாய்க்குப் போகும், காதுக்குப் பின்னால் வையுங்கள். ஸ்டிக்கர் பொட்டு வேண்டாம்.

கேள்வி: மழை வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் பிள்ளையோடு எப்போது திரும்பலாம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 2011-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்துவிட்ட ஊர் நம்முடையது, ஆகவே விவரமாகவே சொல்கிறோம். சேற்றை வாரி, சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகுதான் பிளீச்சிங் பவுடர். சேற்றின் மேல் தூவினால் அது சேற்றிலேயே வீணாகிவிடும். 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் கரைத்துத் தெளிய வைத்து, தரையில் 10 நிமிடம் நிற்கவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அதனோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிள்ளை அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். நனைந்த இலவம்பஞ்சு மெத்தையை மனசில்லாவிட்டாலும் எறியுங்கள், உள்ளே பூஞ்சை காயாது. கரண்ட் இல்லாத நாளில் ஜெனரேட்டரை வராந்தாவில் வைக்காதீர்கள். ஜன்னலிலிருந்து 20 அடி தள்ளி, புகைவாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். சுவரில் ஈரத்திட்டும் பூஞ்சை வாடையும் இருக்கும் அறையில் பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள்.

பிடித்து வைத்த தண்ணீர் வாளி, அன்னக்கூடை எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும். தவழும் பிள்ளை தலைகீழாக விழுந்தால் 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். தலை கனம் என்பதால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது.

கேள்வி: பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

பதில்: கூடாது, எதற்குமே. மண்ணெண்ணெய் வாந்தியாக மேலே வரும்போதுதான் நுரையீரலுக்குள் போகிறது. தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய், டீசல் ஊற்றி வைக்கிற பழக்கம் மீனவக் குடியிருப்புகளில் இன்னும் இருக்கிறது. அதை இன்றே மாற்றுங்கள். கற்பூரம் விழுங்கிய பிள்ளைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். எலி பேஸ்ட்டில் மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தால், முதல் நாள் ஒன்றுமில்லாதது போலிருந்து பிறகு ஈரல் செயலிழக்கும். ஆகவே, நன்றாக விளையாடுகிறதே என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

பட்டன் பேட்டரிதான் மிக அவசரம். ரிமோட், பொம்மை, எடை மெஷின், பாட்டு வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலோடு சேர்ந்து மின்சாரம் ஓடி காரம் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள் சதையைப் பொசுக்கும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதிய மின்சாரம் மிச்சமிருக்கும். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வாழைப்பழம், தேன், பால் எதுவும் கொடுக்காமல் நேரே எக்ஸ்ரேயும் குழந்தைகளுக்கான எண்டோஸ்கோப்பியும் உள்ள இடத்துக்குப் போங்கள். நம் பகுதியில் ஜிப்மர். காசு என்று எக்ஸ்ரேயில் தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு, ஆகவே அதே மாதிரி இன்னொரு பேட்டரியோ அந்த ரிமோட்டோ இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மற்ற நஞ்சுகளுக்கும் பாட்டில், அட்டைப்பெட்டி, மிச்சம் எதுவாயினும் உடன் வரட்டும். டெல்லி எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. வண்டியில் போகும்போதே பேசலாம்.